ஆயிரத்து நூற்று எண்பத்தேழாவது படம்

இந்த ஆயுத பூசைக்கு என் கணினியில் பதினோரு இடத்தில் சந்தனம் வைத்தேன். வெளியே நான்கு, உள்ளே ஏழு. ஒவ்வொரு சந்தனத்தின் நடுவிலும் ஒரு குங்குமம். வழக்கமாகப் பெட்டியின் முகப்பில் ஒரே ஒரு பொட்டோடு நிறுத்திக்கொள்வேன். இந்த முறை பக்கத் தகட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றி உள்ளேயும் வைக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. தூசி தட்டத்தான் திறந்தேன். தட்டி முடித்ததும், வேலை செய்கிறதெல்லாம் உள்ளேதானே இருக்கிறது, தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன பயன் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

பெரிய விசிறிக்கு ஒன்று. மின்சாரம் வாங்கிக் கொடுக்கிற பெட்டிக்கு ஒன்று. என்ன என்றே எனக்குத் தெரியாத, தனக்கென்று ஒரு சின்ன விசிறி வைத்திருந்த ஓர் அட்டைக்கு ஒன்று. இப்படியே போய்க் கடைசிப் பொட்டு ஹார்ட் டிஸ்குக்கு. அதன் வெள்ளி நிற மூடியில் சின்னதாக ஒரு துளை இருந்தது, பொட்டு வைப்பதற்கென்றே அளவெடுத்தது போல. அதன் மேலேயே வைத்தேன். துளைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடி பூசைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எழுந்து போய் எடுக்கவில்லை.

பெட்டியின் பின்பக்கத்தையும் துடைத்தேன். அங்கே ஓர் ஓட்டையில் குளவி மண் அப்பிக் கூடு கட்டியிருந்தது. தீக்குச்சியால் சுரண்டி, ஊதி, துணியால் ஒற்றி, நாற்பது நிமிடம் அதற்கு மட்டும் ஆனது. ஏழு வயர்களையும் ஏற்கனவே உருவி வைத்திருந்தேன். எது எங்கே இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. என் நோட்டில் படம் இருக்கிறதே என்ற தைரியம். அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைவாளராக இருந்தவன் நான். கணினி வாங்கிய அன்றே அதன் பின்பக்கத்தை அளவோடு வரைந்து, எந்த வயர் எந்த ஓட்டை என்று எண் போட்டு வைத்திருந்தேன்.

பூசையன்று எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி. காலையில் குளித்து, நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஏழு வயர்களையும் வரிசைப்படி சொருகிப் பொத்தானை அமுக்கினேன். பெட்டியில் விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. திரையில் மட்டும் ஒரு சின்னக் கட்டம் வந்து, சிக்னல் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஐந்து நொடி மிதந்து அணைந்துபோனது.

மறுபடி அமுக்கினேன். மறுபடி அதே ஐந்து நொடி. ஒன்பது முறை செய்தேன். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஹார்ட் டிஸ்கில் அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். இந்தத் துளையை மூடாதீர்கள் என்று எழுதியிருந்தது.

அந்த டிஸ்கில்தான் என் மைத்துனன் இருந்தான்.

என் மனைவியின் ஒரே தம்பி அவன். எழுமலையில் விவசாயம். நெஞ்சு வலி வந்து அவன் போய்ப் பதினோரு வருடமாகிறது. அவன் மகளுக்கு ஐப்பசிக் கடைசியில் கல்யாணம். எங்கள் பக்கத்தில், பெண்ணின் தகப்பன் உயிரோடு இல்லையென்றால் மேடையில் ஒரு நாற்காலி போட்டு, அவர் படத்துக்கு மாலை போட்டு வைப்பார்கள். பெண் முதலில் அந்த நாற்காலிக்கு விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் மணையில் உட்காரும். அவனுடைய நல்ல படம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் எங்களிடம்தான். எங்கள் கே.கே. நகர் வீட்டு வாசலில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிற படம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவதாக நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று மத்தியானமே கல்யாணப் பெண் போன் செய்தது.

"மாமா, அப்பா படம் எடுத்துட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டே இருக்கேன்மா."

"இங்க ஓட்டர் ஐடியில உள்ளதுதான் இருக்கு மாமா. அதுல ஏதோ தப்புப் பண்ணிட்டு முழிக்கிற மாதிரி இருக்காக. அதைப் போயி நாற்காலியில வைக்க மனசு வரல."

"வேணாம் வேணாம். நம்மகிட்ட நல்லது இருக்கு."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "என்ன, நம்மகிட்ட இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஏன் குரல் இப்படிப் போகுது?"

சொன்னேன். துளையில் சந்தனம் வைத்ததையும் சொன்னேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஊருல ஒலகத்துல எல்லாரும் வண்டிக்குப் பொட்டு வைக்கிறாக. யாராச்சும் பெட்ரோல் டேங்குக்குள்ள வைக்கிறாகளா?" என்றாள். கல்யாணத்துக்கு அன்றிலிருந்து இருபத்து மூன்று நாள் இருந்தது.

வேறு பிரதி இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, அதுதான் வேடிக்கை. என் அலமாரியின் மேல்தட்டில் அந்தப் படம் மூன்று இடத்தில் இருக்கிறது. முதலில் பிளாப்பி. கறுப்புச் சதுரம், மொத்தம் நாற்பத்தெட்டு. அதைப் போட ஒரு வாய் இப்போது எந்தக் கணினியிலும் இல்லை. பிறகு சிடி, இருபத்தாறு. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சைக் காளான் மரத்தின் கிளை போல ஓடியிருக்கிறது. அதைப் போடுகிற தட்டும் என் பெட்டியில் திறக்க மறுத்து நான்கு வருடமாகிறது. பிறகு ஒரு பென் டிரைவ். சுண்டு விரல் அளவு. அதற்குள் நாற்பத்தெட்டு பிளாப்பியும் இருபத்தாறு சிடியும் அடங்கி, இன்னும் முக்கால்வாசி காலியாக இருக்கிறது என்றார்கள். அதை ஒருநாள் சட்டைப்பையோடு சலவை இயந்திரத்தில் போட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று வரும்போது, இதுதான் கடைசி, இனி மாறாது என்று யாரோ ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். நானும் படங்களையெல்லாம் எண்ணி, மாற்றி, மறுபடி எண்ணி வைப்பேன். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. மைத்துனன் படம் ஆயிரத்து நூற்று எண்பத்தேழாவது.

அசல் ஆல்பம் எங்கே என்றால், பரணில் கரையான் தின்றது. முழுவதும் தின்னவில்லை. மிச்சம் இருந்ததையும் தூக்கிப் போடு, அதான் கணினியில் இருக்கிறதே என்று மனைவியிடம் சொன்னது நான்.

மறுநாள் பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் மேலமாசி வீதிக்குப் போனேன். வழியில் பதினான்கு வேகத்தடை. பக்கத்துச் சந்தில் ஒரு பாய், மாடியில் கணினி பழுது பார்க்கிறார். ஐம்பது வயதிருக்கும். போர்வையை விலக்கித் தகட்டைக் கழற்றியவர் உள்ளே குனிந்து பார்த்தார்.

"என்ன சார், உள்ளாற கும்பாபிஷேகமே நடந்திருக்கு?"

"ஆயுத பூசை பாய்."

"அது சரி. இது மூச்சு விடுற ஓட்டை சார். மூக்குல கொண்டுபோயி சந்தனத்தை அடைச்சிருக்கீங்க."

"செத்துப் போச்சா?"

"இருங்க, நாடி பார்ப்போம்." ஊசியால் சந்தனத்தை மெதுவாகக் கிள்ளி எடுத்தார். தன் மேசையிலிருந்த வயர்களைப் பார்க்காமலேயே பின்னால் சொருகினார். அமுக்கினார். திரையில் என் கணினி வந்துவிட்டது. என் பச்சைப் புல்வெளி, என் பெயர் எல்லாம்.

"மாஷா அல்லா. ஒண்ணும் இல்ல சார், ஜம்முனு இருக்கு."

படங்கள் இருக்கிற இடத்தைத் திறந்து எண்ணிக்கை காட்டச் சொன்னேன். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. உயிர் வந்தது.

"வேணுங்கிற படத்தை இப்பவே போன்ல ஏத்தித் தரவா?"

"வேணாம் பாய். எண் நோட்டுல இருக்கு, நோட்டு வீட்டுல இருக்கு." எண் எனக்கு மனப்பாடம். ஆனாலும் நோட்டைப் பார்க்காமல் ஒரு காரியம் செய்து எனக்குப் பழக்கமில்லை.

பாய் விடவில்லை. இந்த டிஸ்க் வயதாகிவிட்டது, இதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒன்றைக் காட்டினார். பிஸ்கட் போல இருந்தது. தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை.

"என்னோடதுல ஐந்நூறு ஜிபி இருக்கு. இதுல இருநூத்தி ஐம்பத்தாறுதான் போட்டிருக்கு."

"ஆமா, பாதிதான் சார். ஆனா பல மடங்கு வேகம்."

"பாதியை விட ஆறு கூட."

"சரி சார், ஆறு கூட."

"சின்னதாக் குடுத்துட்டு நல்லதுங்கிறீங்க. இது சுத்துமா?"

"சுத்தாது."

"சத்தம்?"

"இருக்காது சார். உள்ள அசையுற பொருளே கிடையாது."

அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. என் டிஸ்க் கறகறவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அது எழுதுகிறது, முடித்துவிட்டது, தூங்குகிறது என்று எனக்குத் தெரியும். அசையாத, சத்தம் போடாத ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மறுபடி பதினான்கு வேகத்தடை.

வீட்டுக்கு வந்து, நோட்டைப் பார்த்து, ஏழு வயர்களையும் சொருகி அமுக்கினேன். சிக்னல் இல்லை. ஐந்து நொடி. இருட்டு.

பாய்க்குப் போன் செய்தேன். "இங்கனக்குள்ள ஓடுச்சுல சார்? அப்ப உங்க மானிட்டர் போயிருக்கும். இல்லேன்னா கேபிள்" என்றார். மானிட்டரில் விளக்கு எரிகிறது. எனவே கேபிள். நீலத் தலை உள்ள அந்த வயரை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எண்ணினேன். பெட்டியில் உள்ள ஓட்டையில் மூன்று வரிசையாகப் பதினைந்து துளை. வயரில் பதினான்கு ஊசி. நடு வரிசையில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓர் ஊசி முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். கை விளக்கை அடித்து அரை மணி நேரம் துளைகளைப் பார்த்தேன். ஊசி அகப்படவில்லை.

எங்கள் தெருமுனைக் கடையில் புது வயர் கேட்டேன். கடைப் பெண் எடுத்துக் கொடுத்தது. அங்கேயே உறையைப் பிரித்து எண்ணினேன். பதினான்கு.

"இதுலயும் ஒண்ணு இல்லையேம்மா."

இன்னொன்று கொடுத்தது. பதினான்கு.

"எல்லாத்துலயும் அம்புட்டுத்தான் அங்கிள் இருக்கும்."

"அப்ப அந்தப் பதினஞ்சாவது துளை எதுக்கு?"

"ஒண்ணு சும்மா இருந்துட்டுப் போகட்டும் அங்கிள், உங்களுக்கு என்ன?"

வாங்கி வந்து போட்டேன். அதே ஐந்து நொடி. பாய் கடையில் தெரிகிற படம் வீட்டில் தெரியாமல் போவது எப்படி? வீட்டு மின்சாரமா, மேசை சுவரைப் பார்த்து இருப்பதா, இல்லை, பூசையில் நான் வேறு ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா? ஆறு நாள் போனது. பெட்டியைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றப் பயம். வேகத்தடையில் ஒருமுறை தப்பித்தது, இனியும் தப்பிக்கும் என்று என்ன உத்தரவாதம்? கல்யாணப் பெண் இரண்டு முறை போன் செய்தது. இரண்டு முறையும் குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஏழாம் நாள் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே மேசைக்குப் பின்னால் நான் குனிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அன்னைக்குத் தீக்குச்சியை வச்சுக் குளவிக்கூட்டைச் சொரண்டிக்கிட்டு இருந்தீங்களே, அது எந்த ஓட்டை?"

"இதான். நீல வயர் போற ஓட்டை."

"வயர் சொருகியிருந்த ஓட்டையில குளவி எப்படிக் கூடு கட்டும்?"

நான் நிமிர்ந்து மேசையில் தலையை இடித்துக்கொண்டேன்.

"அது காலியாக் கிடந்த ஓட்டைங்க. அதான் குளவி வந்து குடியேறியிருக்கு. வயர் அதுல இல்ல. கீழ அதே மாதிரி இன்னொண்ணு இருக்கே, அதுல பாருங்க."

கீழே, தனியாக, படுக்கை வசத்தில் அதே போல ஓர் ஓட்டை இருந்தது. என் நோட்டில் அது இல்லை. நோட்டில் இல்லாததால் அதை நான் பார்க்கவே இல்லை. வயரைக் கீழே மாற்றினேன். கறகறவென்று சத்தம். பச்சைப் புல்வெளி வந்தது.

வெளியூரில் வேலை பார்க்கிற மகனிடம் அன்று கேட்டேன். கல்லூரியில் படித்தபோது கேம் விளையாடுவதற்காகக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றை அவன் போட்டானாம். அந்தச் சின்ன விசிறி வைத்த அட்டைதான் அது. அதைப் போட்டதும் மேலே உள்ள ஓட்டைக்கு வேலை இல்லையாம். "உங்ககிட்ட சொன்னேனேப்பா" என்றான். சொல்லியிருந்தால் நோட்டில் இருக்கும். பன்னிரண்டு வருடமாக, எனக்குத் தெரியாத ஓர் அட்டை எனக்குப் படம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் தினமும் பார்த்ததெல்லாம் அதன் தயவில்.

ஆயிரத்து நூற்று எண்பத்தேழைத் திறந்தேன். மனைவி கீரைக் கையோடு வந்து நின்றாள். அகலத் திரையின் நட்டநடுவில், சுற்றிலும் கறுப்பு சூழ, அஞ்சல் அட்டை அளவுக்கு மைத்துனன் நின்றான்.

"ஏன் இம்புட்டூண்டா இருக்கான்?"

எனக்கும் அதுதான் கேள்வி. முதலில் வைத்திருந்த கனத்த பெட்டி மானிட்டரில் இதே படம் திரை முழுக்க இருந்தது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரிதாக்கினேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். படத்தில் குறுக்கே அறுநூற்று நாற்பது புள்ளி, நெடுக்கே நானூற்று எண்பது. பெருக்கினால் மூன்று லட்சத்து ஏழாயிரத்து இருநூறு. இப்போதைய திரையில் அதைப் போல ஆறே முக்கால் மடங்கு. படம் சுருங்கவில்லை. திரைதான் வளர்ந்துவிட்டது.

அத்தனை குறைவான புள்ளியில் எடுக்கச் சொன்னவன் நான். ஸ்கேன் செய்தவர், பெரிதாகவே வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றார். அன்று என் டிஸ்கில் இருந்தது மொத்தமே நான்கு ஜிபி. ஒரு பிளாப்பியில் இருபத்தைந்து படம் அடங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சுருக்கச் சொன்னேன். மிச்சப்படுத்திய இடத்தில் பிறகு நான் எதையும் வைக்கவில்லை.

ஸ்டுடியோவுக்குப் படத்தைக் கொண்டுபோனேன். "இதை அப்படியே போட்டா உள்ளங்கை அளவு வரும் அய்யா. அதுக்கு மேல உடைஞ்சிரும்" என்றார் ஸ்டுடியோக்காரர். பிறகு, ஏஐயில் போட்டால் ஆள் நேரில் வந்து நின்ற மாதிரி ஆக்கிவிடலாம் என்றார். அவர் கணினிக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே செங்கல்லை விடப் பெரிய ஒரு கிராபிக்ஸ் கார்டு, மூன்று விசிறிகளோடு. "பெட்டியில இதான் அய்யா ராசா. மத்ததெல்லாம் இதுக்கு எடுபிடி." விசிறிகள் இரைந்தன. நாற்பது நொடியில் மைத்துனன் பளிச்சென்று வந்தான். புருவத்தில் ஒவ்வொரு முடியும் தனியாகத் தெரிந்தது. இல்லாத புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். "அதுவே யோசிச்சுப் போட்டுக்கும் அய்யா" என்றார்.

ஒன்றரை அடி உயரத்தில் சட்டம் போட்டு வாங்கினேன். கூடவே, மனம் கேட்காமல், உள்ளங்கை அளவில் பழையதையும் ஒன்று.

மனைவி பெரிய படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"உன் தம்பிதான்."

"கண்ணு அவன்தான். வாய் அவன் இல்ல. அவனுக்கு முன்பல்லு பாதி உடைஞ்சிருக்கும். பம்புசெட்டுத் தொட்டியில தள்ளி விட்டு நான்தான் உடைச்சேன்."

எண்ணிப் பார்த்தேன். மேலே எட்டுப் பல், எட்டும் முழுசு, அரிசி போல. கணினிக்கு ஓடிப் பழைய படத்தைக் கட்டங்கள் தெரியும்வரை பெரிதாக்கினேன். முகம் குறுக்கே நாற்பத்தாறு புள்ளி. சிரிப்பில் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே இரண்டு புள்ளி மட்டும் கறுப்பு. அந்த உடைந்த பல் அவ்வளவுதான். இரண்டு புள்ளி. மூன்று விசிறி வைத்த அந்த அட்டை அதை அழுக்கு என்று நினைத்திருக்கிறது.

இரண்டு படங்களையும் பையில் போட்டுக்கொண்டு எழுமலைக்குப் போனோம். மண்டபத்தில் மணமகள் அறையில் பெரிய படத்தைப் பிரித்ததும் மைத்துனன் மனைவி அழுதுவிட்டாள். "எம்புட்டு நல்லா இருக்காக அண்ணே" என்றாள். சுற்றி நின்றவர்களும் அதையே வைக்கச் சொன்னார்கள். மேடையில் வைத்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். மனைவி சின்னப் படத்தை எடுத்துப் பெண்ணிடம் கொடுத்தாள்.

அலங்காரத்தோடு இருந்த பெண் அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தது. விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தது.

"அத்தை, அப்பாவுக்குப் பல்லு உடைஞ்சிருக்குமா?"

"ஆமா தங்கம்."

"சிரிச்சா நாக்கு தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு அப்படித்தான் ஞாபகம். நானா நெனச்சுக்கிட்டேனோன்னு யாருகிட்டயும் கேட்டதே இல்ல."

அந்தச் சின்னப் படத்தைத்தான் நாற்காலியில் வைத்தோம். வாங்கி வைத்திருந்த ரோஜா மாலை அதை விடப் பெரிது. மாலையைப் போட்டால் ஆள் காணாமல் போனான். கடைசியில் பெண்ணின் தலையிலிருந்தே ஒரு சாண் மல்லிகையைப் பிரித்துச் சுற்றினார்கள். கீழேயிருந்து பார்த்தவர்களுக்கு அது வெறும் நாற்காலி. பெண் விழுந்து கும்பிட்டு எழுந்து, குனிந்து ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மணைக்குப் போனது.

பெரிய படம் எங்களோடு திரும்பி வந்துவிட்டது. பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது வெளியே எடுத்தேன். கண் அவனுடையது, எனவே தூக்கிப் போட முடியாது. எட்டுப் பல்லும் யாருடையதோ, எனவே மாட்டவும் முடியாது. துடைத்து வைத்துக்கொண்டு, இதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பதா வேண்டாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க எதுக்கும் பொட்டு வைக்காம இருந்தாலே போதும்" என்றாள். அது பதிலா இல்லையா என்று தெரியவில்லை. படத்தை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே திருப்பி வைத்தேன்.